பாத்திரத்தில் மிஞ்சியது

அக்டோபர் 28, 1979. ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். நான் அங்கி மாட்டும் வெஸ்ட்ரி அறையில் ஓடு மறுபடி ஒழுகல். அங்கியின் தோளில் அழுக்குத் தண்ணீர். ஈரத் தோளோடுதான் பிரசங்கம். ஓடு மாற்றுவது பற்றிப் போன வருடமே கமிட்டியில் பேசியாயிற்று. பேசியதோடு சரி.

ஞானமுத்து கொத்தனார் வந்திருந்தார். நான் இந்தச் சபைக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பே குஷ்டம் வந்து பெருவியாதி ஆஸ்பத்திரிக்குப் போனவர். குணமாகிப் போன வாரம் வீடு திரும்பியிருக்கிறார். அவர் மனைவி செல்லத்தாயி வாராவாரம் ஜெபக்குறிப்பில் சொல்லும் பெயர்தான் எனக்குத் தெரியும், ஆளை இன்றுதான் பார்க்கிறேன். ஒல்லி. இஸ்திரி போட்ட சட்டை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த பெஞ்சில் இருந்தவர்கள் முதல் பாட்டு முடிவதற்குள் ஒவ்வொருவராக முன்னால் போய்விட்டார்கள்.

ஆராதனை முடிந்து வாசலில் கை கொடுத்தார். விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. பிடித்தேன். எவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும் என்று யோசித்தேன். அதை ஏன் யோசித்தேன்?

"வர்ற ஞாயித்துக்கெழம திருவிருந்து இருக்குல்லங்கய்யா?"

"இருக்கு. வாங்க."

"எட்டு வருசமாச்சு, நம்ம கோயில்ல முழங்கால் போட்டு."

வாங்க என்று சட்டென்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்றவர்கள் காதிலும் விழுந்திருக்கும்.

அக்டோபர் 30, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். மாலை சபைக் கமிட்டி. ஓடு பற்றிப் பேச வேண்டியது, பேசவில்லை.

எல்லோருக்கும் ஒரே கவலை, பாத்திரம். நம் சபையில் திருவிருந்தில் திராட்சை ரசம் கொடுக்க ஒரே வெள்ளிப் பாத்திரம், வெள்ளைக்காரர் காலத்தது. முழங்கால் போட்டிருப்பவர் வாயில் வைத்து, விளிம்பைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவர் வாயில். எல்லோரும் குடித்து மிஞ்சுவதை நான் குடித்து முடிக்க வேண்டும். கொட்டக் கூடாது, எடுத்து வைக்கவும் கூடாது.

செயலர் பொன்னையா வாத்தியார்தான் ஆரம்பித்தார். மிஷன் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதிச் சபைக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர் என்பதால் அவர் பேசினால் மற்றவர்கள் பெஞ்சில் பையன்களாகி விடுகிறார்கள்.

"ஐயா, எனக்கு ஆண்டவர் மேல சந்தேகமே இல்ல. கிண்ணத்து மேலதான் சந்தேகம்."

"கொணமாயிருச்சுன்னு டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருக்காரு."

"டாக்டரு நம்ம கிண்ணத்துல குடிக்க வரப்போறதில்லைல்ல?"

சிரிப்பு. பிறகு அவரே தணிந்த குரலில்: "நான் கல்நெஞ்சுக்காரன் இல்லீங்க. வீட்டுல பேரப்புள்ளைக இருக்கு. படுத்த படுக்கையா கெடக்குறவங்களுக்கு வீட்ல போய்க் குடுக்குறீங்கள்ல, அந்த மாதிரி அவருக்கும் வீட்ல குடுத்துருங்க. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

"ஜெபித்துச் செய்வோம்" என்றேன். பேச்சு முட்டிக்கொள்ளும்போது நாங்கள் சொல்வது அது. எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

சைக்கிள் செயின் இன்று இரண்டு தரம் கழன்றது.

அக்டோபர் 31, புதன்

ஞானமுத்து வீட்டுக்குப் போனேன். தெருக் கடைசி. பூச்சுக் கரண்டியைத் துணியால் கையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, மழையில் பெயர்ந்த சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். பூச்சு வழவழவென்று இருந்தது. செல்லத்தாயி காபி கொண்டுவந்தாள். குடித்தேன். நான் குடித்து முடிக்கிறேனா என்று டம்ளரையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுக்கிறேனே என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"அது சீக்காளிக்குத்தானங்கய்யா? நான் இப்ப சீக்காளி இல்லையே."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

செல்லத்தாயி விடவில்லை. "எட்டு வருசமும் நான் ஒத்தையாப் போயி முழங்கால் போட்டேன் ஐயா. பக்கத்துல அவுகளுக்கு எடம் விட்டுத்தான் போட்டேன். கேட்டுப் பாருங்க, ஊரே சிரிச்சிருக்கு."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆண்கள், பெண்கள் எல்லோரும் குடித்து முடிக்கட்டும். ஞானமுத்து கடைசி. அவருக்குப் பிறகு பாத்திரத்தில் வாய் வைக்கப் போவது நான் ஒருவன்தான். யாருக்கு என்ன நஷ்டம்?

அப்படியே ஞானமுத்துவிடம் சொன்னேன். "சரிங்கய்யா. கோயிலுக்குள்ளதான" என்றார். செல்லத்தாயி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்புகிற வழியிலேயே வாத்தியாரிடம் சொன்னேன். "உங்க பாடு, அவர் பாடு" என்றார். அப்பாடா. பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன், செயின்கூடக் கழலவில்லை.

சாப்பிடும்போது என் மனைவி கிரேஸிடம் பெருமையாகச் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள்.

"மிச்சத்தை நீங்கதான குடிக்கணும்?"

"ஆமா. எப்பவும் நான்தான."

"ம்" என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் 1, வியாழன்

மதுரை. வேலைகள்: ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்ப்பது; பிள்ளை மெர்சிக்கு இருமல் மருந்து; சிம்மக்கல் மொத்தக் கடையில் காய்ந்த கருப்புத் திராட்சை; செயின்.

டாக்டர் இளவயதுக்காரர். நான் கேட்டதும் சிரிக்கவில்லை, அதற்கே நன்றி. முழுசாக மருந்து சாப்பிட்டவர், அவரிடமிருந்து யாருக்கும் வராது, கிண்ணத்தால் நிச்சயம் வராது என்றார். "உங்க ஆளுங்களுக்கு நான் வந்து சொல்லணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வரச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேனோ என்னவோ.

திராட்சை விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. ஆனாலும் வாங்கினேன். கிரேஸ் அதை ஊறவைத்து, காய்ச்சி, பிசைந்து வடிகட்டித்தான் திருவிருந்துக்கு ரசம். கல்யாணமான நாளிலிருந்து, போன ஊரிலெல்லாம், அது அவள் வேலை.

திரும்பும்போது சாகசம். வாடிப்பட்டிக்கு முன்னாலேயே பிடித்த மழை. மெயின் ரோட்டில் இறங்கி ஊருக்குப் போகிற பாதையில் ஓடை பொங்கி, தரைப்பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை. அக்கரையில் ஊர், இக்கரையில் நானும் ஒரு சம்சாரியும். அவர் தலையில் உரமூட்டை, என் தலையில் திராட்சைப் பொட்டலமும் செருப்பும். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி இறங்கினால் இடுப்பளவு இழுப்பு. நடுவில் கால் வழுக்கியது. செருப்பு ஒன்று வண்டியூர் தெப்பக்குளம் பார்க்கப் போய்விட்டது. அந்த மனுஷன் ஒரு கையால் மூட்டையும் ஒரு கையால் என் தோளும்.

"கைய விட்றாதீக, கைய விட்றாதீக!" கரையேறினதும் ஒரே சிரிப்பு. "வேதக்கோயில் ஐயருமாருக தண்ணி மேலயே நடந்துருவீகன்னுல்ல நெனச்சேன்!"

"அது எங்க முதலாளி. நான் கூலியாள்" என்றேன்.

"எங்க வயக்காட்டுக்கும் ஒரு நா வந்து செபம் பண்ணுங்க. இம்புட்டுத் தண்ணி வேணாம்னு."

ஒற்றைச் செருப்போடு வீடு. திராட்சை நனையவில்லை. இருமல் மருந்தை மறந்துவிட்டேன். கிரேஸ் திட்டவில்லை, அதுதான் ஆச்சரியம்.

நவம்பர் 3, சனி

பகல் முழுக்கப் பிரசங்கம் எழுதி, கிழித்து, எழுதி. மெர்சிக்கு இருமல் குறைவு. மடியில் ஏறி உட்கார்ந்து தாடியை இழுக்கிறாள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்தவள். இவளைப் பற்றிய பயம் எங்கள் வீட்டில் ஒரு ஆளாகவே வளர்ந்து வருகிறது.

அடுப்படியில் திராட்சை கொதிக்கிற வாசனை. கிரேஸ் பாட்டுப் பாடாமல் வடிகட்டினாள்.

நவம்பர் 4, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

கோயில் நிறைந்துவிட்டது. பண்டிகைக்கு மட்டும் தலைகாட்டுகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? வேடிக்கை பார்க்க.

கிரேஸ் கொடுத்த பச்சைப் போத்தலில் இருந்த ரசத்தை அப்படியே பாத்திரத்தில் ஊற்றினேன். வழக்கமாகப் போத்தலில் பாதி மிஞ்சும், குறைந்தால் மறுபடி ஊற்றிக்கொள்வேன். இன்று மிஞ்சவில்லை. பாத்திரத்தைத் தூக்கும்போதே கனம் குறைவாகப் பட்டது. கூட்டத்தின் பதற்றத்தில் அதற்குமேல் நினைக்கவில்லை.

ஆண்கள் முடிந்து பெண்கள் வந்தார்கள். பெண்களின் இரண்டாம் வரிசையிலேயே பாத்திரத்தை நன்றாகச் சாய்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் உதடு நனைகிற அளவு கொடுத்து ஒப்பேற்றினேன். கடைசியில் ஞானமுத்து தனியாக வந்து முழங்கால் போட்டார். அப்பம் கொடுத்தேன். இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து வாங்கினார். பாத்திரத்தோடு வந்தேன். வசனத்தை ஆரம்பித்துச் சாய்த்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தேன். ஒரு துளி விளிம்புவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

அவர் கண்ணை மூடி, வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

வசனம் பாதியில் நின்றது. கண்ணைத் திறந்து பாத்திரத்துக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இருக்கட்டுங்கய்யா. அப்பம் கெடச்சுச்சே" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு எழுந்தார். எழுவதற்கு முன்னாலிருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க முடியவில்லை, முழங்கையை ஊன்றி எழுந்தார். வாத்தியார் சத்தமாகப் பாட்டை எடுத்தார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பாத்திரம் காலி என்று தெரிந்த அந்த நொடியில் வெட்கத்துக்கு முன்னால் எனக்குள் வந்தது நிம்மதி. குடிக்க ஒன்றும் இல்லை என்ற நிம்மதி. டாக்டர் சொன்னதெல்லாம் தலையில்தான் இருந்திருக்கிறது, வயிற்றுக்கு இறங்கவே இல்லை. ஆண்டவரே.

நவம்பர் 5, திங்கள்

காலையில் கிரேஸே சொன்னாள். மாவு ஆட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல்.

"நாந்தான் கொறச்சு ஊத்துனேன்."

"என்னது?"

"தெரிஞ்சேதான் ஊத்துனேன். அவரு கடைசி, அவருக்கப்புறம் நீங்கன்னு சொன்னீங்கள்ல. மிச்சம் இருந்தாத்தான நீங்க குடிப்பீங்க? வழக்கமா வர்ற ஆளுகளுக்கும் அவருக்கும் சரியா வர்ற மாதிரி அளந்து ஊத்துனேன். இம்புட்டுப் பேரு வருவாகன்னு நான் கண்டேனா? அவருக்கே இல்லாமப் போகும்னு நான் நெனைக்கவே இல்லங்க."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வேண்டாம். உன் பயத்தை என் பாத்திரத்தில் ஊற்றினாயா என்கிற மாதிரி ஏதோ. அவள் திரும்பினாள். கையெல்லாம் மாவு.

"நீங்க குடிச்சிட்டு வந்து புள்ளைக்கு முத்தம் குடுப்பீங்க. எனக்கு அதுதான் தெரியும். உங்க பிரசங்கம் எனக்குத் தெரியாது."

மெர்சி அழ ஆரம்பித்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். போக இடமில்லை. கோயிலில் போய் உட்கார்ந்தேன். பாத்திரத்தைத் துடைத்து வைக்க மறந்திருந்தேன். அடியில் ஒரு துளி காய்ந்து ஒட்டியிருந்தது. அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவள் பயந்ததைச் சொல்கிறாள். எனக்கும் அதே பயம்தான், நிம்மதிப்பட்டுவிட்டு அதை அங்கிக்குள் மறைத்துக்கொண்டேன்.

நவம்பர் 11, ஞாயிறு

நல்ல வெயில். கடைசி பெஞ்ச் காலி. செல்லத்தாயியும் வரவில்லை. எட்டு வருடம் தனியாக வந்தவள்.

வாத்தியார் வாசலில்: "பாத்தீங்களா ஐயா, ஆண்டவரே ஒரு வழி பண்ணிட்டாரு." கையை மட்டும் கொடுத்தேன்.

நவம்பர் 13, செவ்வாய்

ஞானமுத்து வீடு. பூசின சுவர் காய்ந்துவிட்டது. காபி வரவில்லை, நியாயம்தான்.

நடந்தது நடந்தபடி சொன்னேன், கிரேஸ் அளந்து ஊற்றியது உட்பட. அவள் பெயரைச் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். அவளிடமே கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "சொல்லுங்க" என்றிருந்தாள்.

செல்லத்தாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஞானமுத்துவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"புள்ள வச்சிருக்காக. பயம் இருக்கும்ல? இவளே மொத ரெண்டு வருசம் ஆசுபத்திரி வாசலோட நின்னுட்டுப் போயிருவா."

"நான் வந்தேன்ல அப்புறம்?" என்றாள் செல்லத்தாயி.

"வந்த, வந்த. யாரு இல்லேன்னா?"

டிசம்பர் திருவிருந்துக்கு வாருங்கள், முதல் ஆளாக உங்களுக்குத்தான் கொடுப்பேன் என்றேன். உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். தலையை ஆட்டினார்.

"மொதல்லயும் வேணாங்கய்யா, கடைசிலயும் வேணாம். கடைசின்னு நீங்க சொன்னப்பவே எனக்குச் சங்கடந்தான். வாய விட்டுச் சொல்லல. வந்தா வரிசையோட வாரேன். எடது பக்கம் நாலாவது பெஞ்சு, அங்கதான் நான் உக்கார்றது. அந்த பெஞ்சு எந்திரிக்கும்போது நானும் எந்திரிப்பேன். இல்லேன்னா வேணாம், வீட்லயே இருந்துக்கிறேன்."

வரிசையோடு. ஐந்து நிமிடம் யோசித்திருந்தால் எனக்கே தோன்றியிருக்க வேண்டியது. சரி என்றேன். சைக்கிளில் வரும்போது பாட்டு எதுவும் வரவில்லை.

நவம்பர் 20, செவ்வாய்

இரண்டு நாளாக அடைமழை. ஒரு ஞானஸ்நானம், ஒரு அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறி, இறைத்து இறைத்து, மாலை ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. எங்கள் வீட்டில் முருங்கை கிடையாது.

"எங்க வாங்குன?"

"வாங்கல. செல்லத்தாயி அக்கா ஒடிச்சுக் குடுத்தாக."

"நீ போயிருந்தியா?"

"ம்."

"என்ன பேசுனீங்க?"

"பொம்பளைக பேசுறது உங்களுக்கு எதுக்கு?" கீரையை உருவ ஆரம்பித்தாள். மெர்சியையும் கூட்டிப் போயிருந்தாளா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

நவம்பர் 25, ஞாயிறு

அறிவிப்பில் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு திருவிருந்து, ஒரே பாத்திரம், எல்லோரும் அவரவர் பெஞ்ச் வரிசையில், வர மனமில்லாதவர்களை நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

வாத்தியார் வெஸ்ட்ரிக்கு வந்தார். "மேலிடத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும் ஐயா."

"சொல்லுங்க."

"உங்கள மாத்திருவாங்க."

"மாத்தட்டும். ஓடு ஒழுகாத ஊரா மாத்தச் சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். போகும்போது நின்று, "என் தம்பிக்கு இருந்துச்சு, அந்த வியாதி" என்றார். "எங்க அப்பா கொல்லையில ஒரு குடிசை போட்டு வச்சிருந்தாரு. தட்டைத் தள்ளிவிடுறது என் வேலை." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 1, சனி

வானம் மூட்டம், மழை இல்லை. திராட்சை கொதிக்கிறது. எவ்வளவு ஊற்றப் போகிறாள் என்று கிரேஸிடம் கேட்கவில்லை. பாட்டும் இல்லை. பிரசங்கம் சின்னதாக எழுதினேன்.

டிசம்பர் 2, ஞாயிறு

கூட்டம் போன தடவை அளவு இல்லை.

போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தது. பாத்திரத்தில் ஊற்றின பிறகும் பாதிப் போத்தல். அதையும் மேசையிலேயே வைத்தேன்.

இடது பக்கம் நாலாவது பெஞ்சில் ஞானமுத்து. அவருக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் யாருமில்லை. முதல் மூன்று பெஞ்சும் வந்து போயின. நாலாவது எழுந்தது. அப்பம் கொடுத்துக்கொண்டு வந்தேன். பிறகு பாத்திரம். இரண்டு பேர் குடித்தார்கள். ஞானமுத்து. கண்ணை மூடி வாயைத் திறந்தார். சாய்த்தேன். நன்றாகவே சாய்த்தேன். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். வசனத்தை முழுசாகச் சொன்னேன். துணியால் துடைத்துத் திருப்பினேன், எல்லோருக்கும் செய்கிற மாதிரி, அதற்குமேல் ஒரு தேய்ப்புக்கூட இல்லை.

அடுத்த பெஞ்ச் எழவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. பின்னாலிருந்து சிலர் வந்தார்கள். அப்பத்தை வாங்கிக்கொண்டு பாத்திரம் வரும்போது தலையைக் குனிந்துகொண்டவர்கள், எழுந்து போனவர்கள். முதல் பெஞ்சில் உட்கார வேண்டிய வாத்தியார் இன்று பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் வந்தார். அப்பம் வாங்கினார். பாத்திரத்தை வாயில் வைத்தேன். உதடு இறுக மூடியிருந்தது. மூடிய உதட்டோடு விளிம்பைத் தொட்டார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது குடித்ததாகுமா? எனக்குத் தெரியவில்லை. வசனத்தைச் சொல்லி நகர்ந்தேன்.

பெண்கள் பக்கம் முதலில் எழுவது ஐயரம்மா, அதாவது கிரேஸ். அதுதான் வழக்கம். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மெர்சி அவள் இடுப்பில். அவள் எழ நேரமானது. நான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு என் மனைவியைப் பார்க்காமல் நின்றேன். மெட்டிச் சத்தம் பக்கத்தில் வந்தது. பிள்ளையோடு முழங்கால் போட்டாள். அவள் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டுச் செல்லத்தாயி போட்டாள், எட்டு வருடப் பழக்கம். கிரேஸ் அவள் கையைப் பிடித்து நெருக்கமாக இழுத்துக்கொண்டாள்.

குடித்தாள். பிறகு செல்லத்தாயி. பிறகு இன்னும் கொஞ்சம் பெண்கள். நிறையப் பேர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆண்டவர் அவர்களுக்கும்தான்.

எல்லாம் முடிந்து பார்த்தால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் மிச்சம். இந்தச் சபையில் இம்புட்டு மிஞ்சி நான் பார்த்ததில்லை. சபைக்கு முன்னால் நின்றபடி குடிக்க ஆரம்பித்தேன். ஒரே மூச்சில் முடியவில்லை. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி. யாரும் பாட்டு எடுக்கவில்லை. இனிப்பு தூக்கலாக இருந்தது, கிரேஸ் திராட்சையை அள்ளிப் போட்டிருக்கிறாள். அடியில் இருந்த வண்டலோடு குடித்து முடித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மெர்சி ஓடிவந்து தூக்கு என்று கையை நீட்டினாள். கிரேஸைப் பார்த்தேன். "தூக்குங்க" என்றாள்.